தரை தொடாத தக்கை

கஸ்பார் முசியே தன் கடைசி மகள் ரொசாலிக்காகத் திறந்த ஷாம்பெயின் புட்டியின் தக்கை மேலே போனது, கீழே வரவில்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள், அப்படியானால் எங்கே போய் விழுந்தது என்று கேட்கிறார்கள். எங்கேயும் போய் விழவில்லை. அவர் வீட்டு முற்றத்துக்கு நேர் மேலே, பக்கத்து வீட்டு வேப்பமர உச்சிக்கும் ஓர் ஆள் உயரம் அப்பால், அந்தரத்தில் நின்றது. காற்றடித்தால் ஆடவில்லை, மழை பெய்தால் நனைந்தது, வெயிலடித்தால் காய்ந்தது, அவ்வளவுதான்.

எங்கள் தெருவுக்குத் தம்பூர்காரத் தெரு என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரனுக்குப் பட்டாளத்துக்குப் போனவர்களைச் சொல்தா என்போம். அந்தச் சொல்தாக்கள் கட்டிய வீடுகள்தான் தெரு முழுக்க, அதனால் இங்கே ஐயா எல்லாம் முசியே, அம்மா எல்லாம் மதாம். எங்கள் பிள்ளைகளுக்கு மீசை முளைப்பது எப்படியோ அப்படித்தான் பிரான்சுக்குப் போவதும், யாரும் தீர்மானிப்பதில்லை, வயது வந்ததும் நடந்துவிடும். போகிறவர்களுக்காக முந்தின நாள் மாலை முற்றத்தில் ஒரு புட்டி திறப்பார்கள். கல்யாணத்துக்கும் திறப்பார்கள்தான், ஆனால் கல்யாணம் முடிந்து ஜோடியாகக் கிளம்பிப்போவதும் பிரான்சுக்கே என்பதால், அந்த 'டப்' என்ற சத்தம் கேட்டாலே இன்னொரு வீட்டில் பெட்டி கட்டியாகிவிட்டது என்று தெருவுக்குத் தெரியும். தக்கையை எடுத்துக் கத்தியால் கீறி, கீறலில் ஒரு காசைச் செருகி, அந்த வீட்டம்மாவிடம் கொடுப்பார்கள். அவள் அதைச் சமையலறைக் கண்ணாடி ஜாடியில் போட்டு வைப்பாள். ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் தக்கை ஜாடி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று யாரும் கேட்பதில்லை, ஜாடியை எட்டிப் பார்த்தால் போதும்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தக்கை மேலே கிளம்பியதிலிருந்து தரையைத் தொடும்வரை யாரும் குடிக்கக் கூடாது, யாரும் போகிறேன் என்று சொல்லக் கூடாது, முக்கியமாக, யாரும் அழக் கூடாது. தரை தொட்ட பிறகு பெற்றவள் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஒரு மூச்சுவிடும் நேரம்தானே என்று எந்தக் காலத்திலோ யாரோ வைத்த கட்டுப்பாடு. அந்த மூச்சு இத்தனை வருஷம் நீளும் என்று அவர்கள் கண்டார்களா?

புட்டி திறப்பதற்கென்றே தெருவில் பேர்போனவர் கஸ்பார் முசியே. எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் அவருக்குத்தான் ஆள் போகும். இந்தோசீனாவில் போட்டிருந்த அதே கோட்டைப் போட்டு, மெடல்களைத் துடைத்துக் குத்திக்கொண்டு வருவார். புட்டியைக் குழந்தையைப்போல இடது கையில் சாய்த்துக்கொண்டு நாலு திசைக்கும் குனிந்து வணங்குவார். கழுத்தில் சுற்றிய தங்கக் காகிதத்தை உரித்துப் பக்கத்தில் நிற்கிற சின்னப்பெண் யாருடைய கூந்தலிலாவது செருகுவார். கம்பிக்கூட்டைத் திருகி எடுப்பார். பிறகு பெருவிரலைத் தக்கையின்மேல் வைத்து, மார்பை நிமிர்த்தி, தெருக்கோடிவரை கேட்கிற பட்டாளக் குரலில், "எல்லாரும் கேளுங்க! எங்க வீட்டுல சந்தோஷம்!" என்பார். யார் வீடானாலும் எங்க வீடுதான். சொல்லி முடிக்கவும் தக்கை பறக்கவும் சரியாக இருக்கும். அவர் மனைவி பிலோமின் மதாம் அந்த நேரத்தில் எப்போதும் அடுப்படியில் இருப்பார், எந்த வீட்டு விசேஷமானாலும் எண்ணெய்ச்சட்டி அவர் பொறுப்பு.

மூத்தவன் அந்துவான் போனபோதும் அவர் வடை பொரித்துக்கொண்டிருந்தார், இரண்டாமவன் லியோன் போனபோதும் பொரித்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டு வெளியே வருவதற்குள் தக்கை விழுந்திருக்கும், அழுகிற நேரம் வந்திருக்கும். ரொசாலிக்குப் பிரான்சில் துலோன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவளுக்குத் திறந்த அன்று மட்டும் மதாம் அடுப்பைத் தணித்துவிட்டு, கையில் வடைத் தட்டோடு முற்றத்து ஓரத்தில் வந்து நின்றார். தக்கை போவதை அண்ணாந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கிளாஸ்களைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்தோம்.

கழுத்து வலிக்க ஆரம்பித்த பிறகுதான் ஒருவர், "எங்க முசியே, காணோம்?" என்றார்.

"அதோ நிக்குதே," என்றாள் ரொசாலி.

புட்டியின் வாயில் நுரை ஒரு விரற்கடை எழும்பி, மல்லிகை மொட்டுபோல அப்படியே நின்றுவிட்டது. வழியவும் இல்லை, அடங்கவும் இல்லை. கஸ்பார் முசியே புட்டியை ஆட்டாமல் கொண்டுபோய் இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தார். எறும்புகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பின. விருந்தாளிகள் விளக்கு வைக்கும்வரை காத்திருந்து, கையிலிருந்த காலி கிளாசைக் குடிக்காமல் திருப்பிக் கொடுப்பது அந்த வீட்டுக்கு ஆகாது என்பதால், ஆளுக்கொரு கிளாசோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். நானும் ஒன்றை எடுத்துப்போனேன், அத்தனை வருஷமும் அதில்தான் சீப்பை வைத்திருந்தேன்.

மறுநாள் மின்கம்பம் ஏறும் தர்முவைக் கூப்பிட்டார்கள். அவன் வேப்பமரத்தில் ஏறி, இரண்டு மூங்கில் கழிகளைச் சேர்த்துக் கட்டித் தட்டிப் பார்த்தான்.

"அசையலிங்க முசியே. செவுத்துல அடிச்ச ஆணியாட்டம் நிக்குது."

"பலமா ஒண்ணு வையிடா."

"வச்சா கழிதான் ஒடியும். வேணும்னா வீட்டக் கொஞ்சம் மேல தூக்கிக்குங்க, தரை தொட்டுரும்."

யாரோ சிரித்தார்கள். கஸ்பார் முசியே சிரிக்கவில்லை. பங்குக் கோயில் தனிஸ்லாஸ் சாமியார் வந்து குடையைச் சாய்த்துப் பார்த்தார். வேதத்தில் சூரியனே ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறது, ஒரு தக்கை நிற்பதற்கு ஏன் இவ்வளவு கலவரம் என்று சொல்லிவிட்டு, வடை சாப்பிட்டுப் போனார். அதற்குமேல் அது ஏன் நின்றது என்று தெரு கேட்கவில்லை. நிற்கிறதே, இனி எப்படி இருப்பது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

முதல் சிக்கல் அந்த வாரமே வந்தது. கோடி வீட்டு சவரியார் முசியே இறந்துபோனார். தக்கை அந்தரத்தில் நிற்கிறது. அழலாமா? பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கட்டுப்பாடு கட்டுப்பாடுதான் என்றார் கஸ்பார் முசியே, பட்டாளத்துக்காரர், அவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? ஆகவே பிணத்தை வாய் திறக்காமல் குளிப்பாட்டினோம், வாய் திறக்காமல் பெட்டியில் வைத்தோம், வாய் திறக்காமல் தூக்கிக்கொண்டு போய், தெருமுனை திரும்பி, வண்டிக்காரத் தெருவில் கால் வைத்ததும் பெட்டியை இறக்கிவிட்டு எல்லோருமாகக் குரலெடுத்து அழுதோம்.

முனை வீட்டுக் கோகிலாம்பாள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"ஏம்மா, சாவு உங்க தெருவுல, ஒப்பாரி எங்க தெருவுலயா? உள்ள எம் பேத்தி பரிச்சைக்குப் படிக்கிறா."

"கொஞ்சம் பொறுத்துக்குங்க அக்கா. அங்க தக்கை நிக்குது."

"நிக்கட்டும், அதுக்கு நீங்களும் ஏன் நிக்கிறீங்க? நின்னுக்கிட்டு அழுதா முட்டி போயிரும்." உள்ளே போய் ஒரு பெஞ்சை இழுத்துவந்து போட்டாள்.

அந்த பெஞ்ச் பிறகு உள்ளே போகவே இல்லை. பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானையும் வந்தது, வெயிலுக்கு ஒரு கீற்றுப் பந்தலும் வந்தது. புருஷனிடம் அடிபட்டவள், பரீட்சையில் தவறியவள், பாரீசிலிருந்து கடுதாசி வராதவள் எல்லோரும் முகத்தை இறுக்கிக்கொண்டு தெருவை நடந்து கடந்து, பெஞ்சில் உட்கார்ந்து, அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு திரும்பினார்கள். கோகிலாம்பாளுக்கு எங்கள் தெருவின் சங்கதி எங்களைவிட அதிகமாகத் தெரிந்தது. கைக்குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு, ஞானஸ்நானம் ஆகும்வரை எங்கே வேண்டுமானாலும் அழலாம் என்று சாமியார் சொல்லிவிட்டார். அதனால் எங்கள் தெருவில் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட ஆரம்பித்தார்கள். நடக்கத் தெரிந்த, பேசத் தெரிந்த, பேரில்லாத பிள்ளைகள் கொஞ்ச நாள் தெருவெல்லாம் திரிந்தன.

வெங்காயம் நறுக்கினால் வருகிற கண்ணீர் கணக்கில் சேருமா என்றும் ஒரு சர்ச்சை எழுந்தது. சேராது என்றுதான் முடிவாயிற்று. ஆனால் பிலோமின் மதாம் அன்றோடு வெங்காயம் வாங்குவதை நிறுத்தினார். வெங்காயத்தைச் சாக்கிட்டு மகளுக்காக அழுகிறாள் என்று ஒரு நாக்கும் சொல்லிவிடக் கூடாது என்பது அவர் வைராக்கியம். அந்த வீட்டுக் குழம்பு அதன்பிறகு வேறு வாசனை. அவர் பெஞ்சுக்கும் போகவில்லை. கோகிலாம்பாள் ஒருநாள் கறிக்கடையில் பார்த்து, "வாங்கக்கா, ஒங்களுக்குன்னு எடம் வச்சிருக்கேன்," என்றதற்கு, "எம் பிள்ளைகளப் பெத்தது எங்க வீட்டுல. அதுகளுக்காக இன்னொருத்தி வாசல்ல போயி நான் ஏன் அழணும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரொசாலியின் பெட்டி நடையில் கட்டியபடியே இருந்தது. தக்கை தரை தொடாமல் கிளம்பினால் போனவளும் ஆகமாட்டாய், இருக்கிறவளும் ஆகமாட்டாய் என்றார் கஸ்பார் முசியே. அவள் அதற்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை. விசா முடிவதற்குள் ஒரு காலையில் கார் சொல்லிப் பெட்டியையும் ஏற்றிவிட்டாள். ஐஸ் ஃபேக்டரியில் ராத்திரி வேலை முடிந்து நான் அப்போதுதான் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தேன். கார் முனைவரை போயிற்று. பெஞ்ச் பக்கத்தில் நின்றது. அவள் இறங்கித் திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் அவள் அம்மா. வாய் ஒரு கோடாக இறுகியிருந்தது, முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தார், கண் இரண்டும் சுட்ட மண்போலக் காய்ந்து கிடந்தது. கையைத் தூக்கி டாட்டா காட்டக்கூட அவரால் முடியவில்லை, காட்டினால் உடைந்துவிடுவார்.

ரொசாலி டிரைவரிடம் காரைத் திருப்பச் சொன்னாள்.

"என்னம்மா, சாமான் எதாச்சும் மறந்துட்டீங்களா?"

"இல்லைங்க. அவங்க இன்னும் அழல. அழாத அம்மாவை விட்டுட்டு எப்படிப் போறது?"

விசா போயிற்று, அந்த வேலையும் போயிற்று. இங்கேயே ஒரு கிளினிக்கில் சேர்ந்தாள். அவளோடு படித்தவர்கள் துலோனிலிருந்து படம் அனுப்பினார்கள், பனி பெய்த தெருவில் சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு. அவள் அதை அம்மாவுக்குக் காட்டாமல் பெட்டிக்குள் போட்டாள். அந்தப் பெட்டிமேல் பூனை குட்டி போட்டது. விருந்தாளிகள் உட்கார்ந்து செருப்பு மாட்டினார்கள். தெருவில் மற்ற வீட்டுக்காரர்கள் பிரான்சுக்குப் போவதும் நின்றுபோயிற்று. ஒரு தக்கை மேலே இருக்கும்போது இன்னொன்றை எப்படி விடுவது? வீடுகள் நிறைந்தன. கால்பந்து விளையாட ஆள் சேர்ந்தது. வெளியூர்க்காரர்கள் பார்த்து, எவ்வளவு சந்தோஷமான தெரு, ஒரு அழுகுரல் கேட்பதில்லையே என்று சொல்லிப் போனார்கள். தக்கையின்மேல் ஒரு காகம் உட்காரப் பழகியது. பட்டம் விடுகிறவர்கள் நூல் மாட்டாமல் ஒதுக்கிவிடக் கற்றுக்கொண்டார்கள். வழி கேட்டு வருகிறவர்களுக்கு அந்தத் தக்கையை அடையாளமாக வைத்துத்தான் எங்கள் தெருவைக் காட்டினார்கள்.

கஸ்பார் முசியே மட்டும் தினமும் மாலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நாற்காலி போட்டு, அண்ணாந்தபடி உட்கார்ந்திருந்தார். தன் கைப்பிழை என்று நினைத்தார் பாவம். பெருவிரலை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொள்வார். புட்டி திறக்க அவரை யாரும் கூப்பிடாத வருஷங்கள் அவை. மெடல்களில் களிம்பு ஏறியது. ஒரு மாசி மாதம், அதே நாற்காலியில், அதே அண்ணாந்த கழுத்தோடு இறந்துபோனார்.

தெரு முழுக்க வந்துவிட்டது. ஒருவர்கூடப் பிணத்தைப் பார்க்கவில்லை என்று சொல்வது பாவம், ஆனால் நிஜம். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். விட்டவர் போய்விட்டார், இனி விழத்தானே வேண்டும்? சாமியார் மந்திரித்தார், தூபம் போட்டார், புகை எழும்பித் தக்கையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அது நின்ற இடத்திலேயே நின்றது.

"சரி, தூக்குங்கப்பா," என்றான் தர்மு, இப்போது அவனுக்கே தலை நரைத்திருந்தது. "முனைக்குப் போயிருவோம். மதாம் அங்க வச்சு அழுதுக்கட்டும்." கோகிலாம்பாள் பெஞ்சைத் துடைத்து, மேலே விரிப்புப் போட்டிருந்தாள்.

பெட்டியில் கை வைத்தார்கள்.

"இறக்குங்க," என்றார் பிலோமின் மதாம்.

"அக்கா, கட்டுப்பாடு..."

"இறக்குடா. இது இவர் கட்டின வீடு. இங்க வச்சுத்தான் அழுவேன்."

இறக்கினார்கள். அவர் பெட்டியோரம் நின்றார். நாங்கள் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. முகம் கோணியது, தோள் குலுங்கியது, கண் மட்டும் அப்படியே காய்ந்து கிடந்தது. அழுகை என்பது புழங்காமல் விட்டால் துரு ஏறிப்போகிற தாழ்ப்பாள் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் பயந்துபோய் மகளைப் பார்த்தார்.

"ரொசாலி, வரமாட்டேங்குதுடி."

ரொசாலி அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் மதாம், மெதுவாகத்தான், ஆனால் முற்றம் முழுக்கக் கேட்டது. "அன்னைக்கி அது மேல போறப்ப, அங்கயே இரு, எறங்காதன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல. இவரு பாவம் கட்டைவிரலப் பாத்துக்கிட்டே போய்ட்டாரு."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"நானும் அதத்தான் நெனச்சேன்."

அவர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு மதாம், "அந்தப் புட்டிய எடு," என்றார்.

ரொசாலி மாடத்திலிருந்து எடுத்துவந்தாள். நுரை அதே மொட்டாக நின்றது. "எல்லா வீட்டுக்கும் நான் அடுப்படியிலதான் நின்னேன். இது இனிக்குமா புளிக்குமான்னுகூட எனக்குத் தெரியாது," என்றார். அதைக் கேட்டதும் யாரும் சொல்லாமலே ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடினோம். பல் குச்சி வைத்திருந்த கிளாஸ், விளக்கு ஏற்றிய கிளாஸ், நான் சீப்பு வைத்திருந்த கிளாஸ், எல்லாம் அலசித் துடைத்து முற்றத்துக்குத் திரும்பி வந்தன. தாத்தா எடுத்துப்போன கிளாசைப் பேத்தி கொண்டுவந்தாள்.

மதாம் புட்டியை இடது கையில் குழந்தையைப்போலச் சாய்த்தார். நாலு திசைக்கும் குனிந்து வணங்கினார். அந்த உடம்புக்குள் அத்தனை நாளும் அந்தப் பட்டாளக் குரல் ஒளிந்திருந்ததுபோல, பெட்டியில் கிடந்த புருஷனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாரும் கேளுங்க! எங்க வீட்டுல சந்தோஷம்!"

சாய்த்ததும் நுரை மூச்சுவிட்டது. சீறிக்கொண்டு வழிந்தது. அன்றைக்குத் திறந்த புட்டி மாதிரியே, ஆளுக்கு ஒரு வாய் வரும்படி, கடைசி கிளாஸ்வரை வந்தது. அவர் முதலில் குடித்தார். கண்ணை இறுக்கி மூடினார். மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா?" என்றாள் ரொசாலி.

"மூக்குல ஏறுதுடி. முள்ளு முள்ளா..." என்றவர், "இதுக்கா... இதுக்கா இவ்வளவு..." என்று சொல்லி முடிக்கவில்லை. ஒரு கண்ணில் தொடங்கியது, இன்னொரு கண்ணுக்குப் போயிற்று, பிறகு அவர் பெட்டிமேல் கவிழ்ந்துகொண்டு, கஸ்பாரே, எங் கஸ்பாரே என்றும், அந்துவானே, லியோனே என்றும், பக்கத்தில் உயிரோடு நிற்கிற மகளையும் சேர்த்துப் பேர்பேராகச் சொல்லியும் அழுதார். சவரியார் பெண்சாதி அழுதாள். தர்மு கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான். தெருவில் ஒருபோதும் அழாமல் வளர்ந்த இளவட்டங்கள் எப்படி அழுவது என்று பெரியவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அழுதார்கள். குரலைக் கேட்டுக் கோகிலாம்பாள், பெஞ்சை விட்டுவிட்டு, முதல்முறையாக எங்கள் தெருவுக்குள் வந்து அழுதாள்.

தக்கை எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அத்தனை வருஷமும் ஓயாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்த தெருவில், அந்த ஒரு நேரம் பார்வை தெளிவாயிருந்த கண் ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலை முற்றத்தைப் பெருக்கும்போது, உதிர்ந்த சாமந்திப் பூக்களுக்கிடையில் கிடந்ததை மதாம்தான் எடுத்தார். அதைக் கீறவில்லை, காசு செருகவில்லை, ஜாடியிலும் போடவில்லை. ரொசாலியின் பெட்டியைத் திறந்து, சிவப்புக் கோட்டுப் படங்களுக்கு நடுவில் வைத்து மூடினார்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் ரொசாலி போனாள். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி, அவளுக்கும் அப்போது இளமை முழுதாக மிச்சமில்லை. புட்டி திறக்கவில்லை. மதாம் வாசற்படியில் நின்று, "போயிட்டு வாடி," என்று சொல்லிவிட்டு ஊர் பார்க்க அழுதார், ரொசாலி காருக்குள் அழுதுகொண்டே போனாள். கார் முனையில் நிற்கவில்லை. இப்போது எங்கள் தெருவில் போகிறவர்களுக்குப் பழையபடி புட்டி திறக்கிறார்கள், ஆனால் முதலில் அழுது முடித்துவிட்டுத்தான். வீடுகளும் பழையபடி காலியாகிக்கொண்டு வருகின்றன.

ரொசாலி போன மறுநாள் விடிகாலை, வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். ஐஸ் தூக்கித் தூக்கிக் கை மரத்திருந்தது. தெருவே இன்னும் எழுந்திருக்கவில்லை. கஸ்பார் முசியே வீட்டு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. உள்ளேயிருந்து, அந்த வீட்டில் நாங்கள் மறந்தே போயிருந்த ஒரு வாசனை வந்தது. பிலோமின் மதாம் தரையில் உட்கார்ந்து, அரிவாள்மணையில், ஒரு ஆளுக்குத் தேவைக்கு மேலாகவே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.